ஜான் ஆண்டர்சன் ஐயர்

பிறந்த நாட்டைவிட்டுப் பிறநாடு சென்று கல்வி புகட்டுதல் நம் காஞ்சிமாநகர்க்குப் புதியதொரு செய்தியன்று. கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் இந்நகரைக் கண்டு சென்ற சீன யாத்திரிகராகிய யுவான் சுவாங் என்பார், வடநாட்டு நாளந்தாவில் பேராசிரியராய் விளங்கிய தர்மபாலர் இக்காஞ்சியிற் பிறந்தவரே என்று தம் நூலிற் குறித்துள்ளார். இங்ஙனம் பிறநாட்டார்க்கு ஆசிரியரை அளித்த நகரம், பன்னூறாண்டுகட்குப் பின்னர்க் கடல்கடந்து வந்த ஆசிரியர் ஒருவரின் உழைப்பைத் தானும் ஏற்றுக்கொண்டது. அவ்வாசிரியரே ஜான் ஆண்டர்சன் ஐயர். பாதிரிமாரை ஐயர் என்றழைத்தல் அக்காலத்து வழக்கம்.

வரதராஜப் பெருமாள் கோயிலின் மதிலோரத்தே தறியோசை கேட்டு வளர்ந்த சின்ன காஞ்சிபுரத்துப் பிள்ளைகளாகிய எமக்கு, ஆண்டர்சன் பள்ளி என்னும் பெயர் சிறுவயது முதற் பழகியது. ஆயினும், அப்பெயர்க்குரியார் யாவர், எதன்பொருட்டு வந்தார், எத்துணை இழந்தார் என்பன நம்மவருட் பலர் அறியாதன. ஆதலின் அவர் சரித்திரத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஆண்டர்சன் 1805-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்துத் தென்மேற்கிலுள்ள காலோவே என்னும் நாட்டுப்புறத்தில் உழவர் குடியொன்றிற் பிறந்தார். பின்னர் எடின்பர்க் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து கற்றார். அந்நாளில் அலெக்ஸாந்தர் டஃப் என்னும் ஸ்காத்துப் பாதிரியார் கல்கத்தாவில் 1830-ஆம் ஆண்டு ஒரு கலாசாலையை நிறுவி, ஆங்கில வாயிலாகக் கல்வியையும் வேதத்தையும் ஒருங்கே போதித்து வந்தார். அவர் தாய்நாடு திரும்பி, 1835-இல் திருச்சபையின் பொதுப்பேரவை முன் இந்தியாவைக் குறித்து நிகழ்த்திய பேருரை பலருள்ளத்தைக் கவர்ந்தது. அவ்வுரையால் உள்ளங்கனிந்தாருள் ஆண்டர்சனும் ஒருவர். சொந்த நாட்டிற் குருத்தொழில் பூண்டு அமைதியாய் வாழ வழியிருந்தும், அவர் இந்நாட்டுக்கு ஆசிரியராய் வர முன்வந்தார். 1836-இல் குருப்பட்டம் பெற்றுக் கப்பலேறினார். முதலிற் கல்கத்தா அடைந்து டஃப் அமைத்த கலாசாலையின் முறைகளைக் கண்டறிந்து, 1837-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவர்க்கு வயது முப்பத்தொன்று.

சென்னையிலிருந்த ஸ்காத்துச் சபைக் குருமார் இருவர் 1835-இல் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கியிருந்தனர். ஆண்டர்சன் அதனை ஏற்று, 1837 ஏப்ரலில் ஆர்மீனியன் தெருவில் வாடகை வீடொன்றில் ஐம்பத்தொன்பது மாணாக்கருடன் புதிதாகத் தொடங்கினார். மேற்குலத்துப் பிள்ளைகள் ஆங்கிலங் கற்க விரும்பி வந்தனர். பள்ளி விரைந்து வளர்ந்தது.

அவ்வளர்ச்சியின் நடுவே வந்துற்றதொரு சோதனையே அவர்தம் பெருமையை நமக்குக் காட்டுவது. 1838-ஆம் ஆண்டில், தீண்டத்தகாதார் என அக்காலத்தார் ஒதுக்கி வைத்த குலத்துச் சிறுவர் சிலர் பள்ளியிற் சேர்ந்தனர். செய்தி வெளிப்பட்டதும் மற்றைப் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் கொதித்தெழுந்தனர். அச்சிறுவரை நீக்குக என்றனர். நீக்காவிடின், வேறு பெஞ்சியிலேனும் அமர்த்துக என்று வேண்டினர். இவ்விரண்டனுள் பின்னையது சிறியதொரு வேண்டுகோள்போலத் தோன்றும். அதற்கிணங்கினால் பள்ளி பிழைக்கும். ஏழைச் சிறுவர்க்கும் கல்வி கிட்டும். காலம் வருங்கால் வேற்றுமையை மெல்ல நீக்கிக்கொள்ளலாம் என்று அறிவுடையாரும் வாதிக்கக்கூடும். மேலும், அவர் வேற்றுநாட்டார். வந்து ஈராண்டு நிரம்பாதவர். இந்நாட்டு வழக்கங்களுள் தலையிட அவர்க்கென்ன உரிமை என்று வினவுவாரும் இருந்திருப்பர்.

ஆண்டர்சன் இரண்டிற்கும் இசைந்திலர். பெற்றோர் பலர் தத்தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்றனர். பள்ளி குறைந்தது, ஆயினும் பெஞ்சி பிரியவில்லை. நாளடைவிற் பிள்ளைகள் மீண்டும் வரத்தொடங்கினர். ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை எல்லாக் குலத்தாரும் உடனிருந்து கேட்கலாம் என்பது அப்பள்ளியில் நிலைபெற்றது. வேற்றுநாட்டு ஆசிரியன் மதிக்கவேண்டிய வழக்கங்கள் பல. எனினும் சிறுவன் ஒருவனை அவன் பிறப்புக் காரணமாகத் தாழ்த்தும் வழக்கம் அவற்றுளொன்று அன்று என்பதை அவர் தம் செய்கையால் உணர்த்தினார்.

1839-இல் ராபர்ட் ஜான்ஸ்டன் என்பாரும், 1841-இல் ஜான் பிரெய்ட்வுட் என்பாரும் ஸ்காட்லாந்தினின்று வந்து அவர்க்குத் துணையாயினர். காஞ்சிபுரத்தில் 1839-ஆம் ஆண்டிற் கிளைப்பள்ளி ஏற்பட்டது. செங்கற்பட்டிலும் நெல்லூரிலும் பின்னர்ப் பள்ளிகள் தோன்றின. சென்னைக்கு மேற்கே நாற்பத்தைந்து மைல் தொலைவில், கோயில்களும் வேதபாடசாலைகளும் மலிந்த இந்நகரில் புதுக்கல்வி வேரூன்றியது இங்ஙனமேயாம்.

1841-ஆம் ஆண்டில் இரண்டாஞ் சோதனை வந்தது. ராஜகோபால், வெங்கடராமையா, எதிராஜுலு என்னும் மாணாக்கர் மூவர் அவ்வாண்டில் ஞானஸ்நானம் பெற்றனர். நகரம் கலங்கியது; பள்ளி ஏறக்குறைய வெறுமையாயிற்று. தொடர்ந்து வந்த ஆண்டுகளிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டாகி, பெற்றோர் நீதிமன்றம் ஏறவும் நேர்ந்தது. அப்பெற்றோரின் துயரத்தை யாம் இலேசாக எண்ணவில்லை. மகன் தங்கள் வீட்டையும் வழிபாட்டையும் விட்டு நீங்குவதைக் கண்ட தாய்தந்தையர் மனம் எத்துணை நொந்திருக்கும் என்பதைக் கிறிஸ்தவராகிய யாமும் உணர்தல் வேண்டும். ஆண்டர்சன் தம் நோக்கத்தை ஒருகாலும் மறைத்தவரல்லர். வேதபாடம் நாள்தோறும் நடைபெறுவது யாவர்க்கும் தெரிந்ததே. எனினும் இந்து சமூகத்தார் தம் பிள்ளைகட்குத் தாமே பள்ளி அமைக்க முற்பட்டனர். பச்சையப்ப முதலியாரின் அறப்பொருளைக் கொண்டு 1842-இல் சென்னையில் ஒரு பள்ளி எழுந்தது. பின்னர்க் காஞ்சிபுரத்திலும் அவர் பெயராற் பள்ளி உண்டாயிற்று. 1909-இல் சின்ன காஞ்சிபுரத்திற் பிறந்து தமிழகத்தின் முதலமைச்சராய் விளங்கிய அண்ணாதுரை அவர்கள் கற்றது அப்பள்ளியிலேயே. போட்டியாற் பிறந்த இருபெரும் நிலையங்களாலும் பயன் பெற்றவர் நம் நாட்டுப் பிள்ளைகளே.

1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. ஆண்டர்சனும் துணைவரும் அரசின் தலையீட்டை ஒப்பாத சுயாதீன சபையைச் சார்ந்தனர். 1847-இல் அவர், பெண்கல்விக்கென வந்திருந்த ஸ்விட்ஸர்லாந்து மாது மார்கரெட் லோக்கர் என்பாரை மணந்தார். பெண்மக்களைப் பள்ளிக்கனுப்ப அஞ்சிய அக்காலத்தில் அவ்வம்மையார் பெண்கல்வியைப் பரப்பப் பெரிதும் உழைத்தார்.

ஓயா உழைப்பும் வெப்பமும் ஆண்டர்சனின் தேகபலத்தைக் குறைத்தன. 1849-இல் உடல்நலம் பெறத் தாய்நாடு சென்றபோது தம் மாணாக்கராகிய ராஜகோபாலையும் உடன் அழைத்துச் சென்றார். பிறகும் அங்கே தங்கிவிட மனமின்றிச் சென்னைக்கே திரும்பினார். 1853-இல் ஜான்ஸ்டன் இறந்தார். 1855 மார்ச்சு 25-ஆம் நாள் ஆண்டர்சனும் சென்னையிலே உயிர் நீத்தார். ஐம்பதாம் ஆண்டு நிரம்பவில்லை. இந்நாட்டில் உழைத்த காலம் ஏறத்தாழப் பதினெட்டாண்டுகளே.

அவர் மறைந்தபின் பள்ளி தளர்ந்தது. 1862-இல் வந்த வில்லியம் மில்லர் அதனைத் தாங்கி உயர்த்தினார். 1877-இல் அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்னும் பெயர் பூண்டு, 1937-இல் தாம்பரம் சென்றடைந்தது. வாடகை வீட்டில் ஐம்பத்தொன்பது சிறுவருடன் நட்ட வித்து இங்ஙனம் ஆலமரமாயிற்று. அவரிடம் கற்ற முதன் மூவரும் பின்னர்த் தாமே குருமாராயும் போதகராயும் விளங்கினர்; வந்த ஆசிரியர் போனபின்னும் போதனை நின்றுவிடாமைக்கு இதுவே காரணம்.

இக்காலத்தும் நம் தோழர் சிலர் ஊதியங் கருதாது பிறநாட்டுப் பள்ளிகளிற் சிலகாலம் கற்பித்துவர விரும்புகின்றனர். நல்விருப்பமே. ஆனால், புதுநாடு காணும் ஆசையும் நாலு மாதத்து உற்சாகமும் அதற்குப் போதா. செல்லுமுன் அவர்கள் தம்மைத்தாமே இரண்டு வினாக்கள் வினவிக்கொள்ளல் நலம். பள்ளியே குலைவதாயினும், கடைசிப் பிள்ளைக்கும் முதற்பிள்ளையோடு ஒத்த இடம் அளிக்க உறுதி உண்டா? நாம் திரும்பியபின் நம் வேலையைச் செய்ய அந்நாட்டாரிலேயே ஆசிரியரை ஆக்கிவைப்போமா? ஆண்டர்சன் ஐயர் இவ்விரண்டிற்கும் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தார்.

பிறநாடு செல்லக்கூடாதார்க்கும் இச்சரித்திரம் பயன்படும். கல்வி எட்டாத தெருக்கள் நம் ஊரிலும் உள. அங்குச் சென்று ஒரு சிறுவனைச் சமமாக உடன் இருத்திக் கற்பிப்போமாயின், அவர் ஏற்றிவைத்த விளக்கை அணையாது காத்தவராவோம். அதற்கான மனத்திடத்தை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.