வெடிமருந்தும் உயிர்மருந்தும்

நோபல் பரிசு என்றதும் 1930-ல் அதனைப் பெற்ற சர் சி.வி. இராமனும், 1979-ல் பெற்ற அன்னை தெரசாவும் நம் நினைவிற்கு வருகின்றனர். அப்பரிசு தோன்றக் காரணமான ஆல்பிரட் நோபலின் வாழ்வையோ நம்மில் பலர் அறியோம். நெஞ்சுவலியால் துடிப்போருக்கு இன்று ஆம்புலன்ஸிலேயே அளிக்கப்படும் ஒரு மருந்தோடு அவ்வாழ்வு பின்னிக் கிடப்பது வியப்பன்றோ!

ஆல்பிரட் 1833 அக்டோபர் 21-ல் சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். 1842-ல் குடும்பம் ரஷ்யாவிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டிலேயே ஆசிரியர்களிடம் பயின்ற அவர், பதினேழு வயதிற்குள் ஐந்து மொழிகளில் தேர்ச்சி பெற்றார். வேதியியல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

1847-ல் இத்தாலிய அறிஞர் சோப்ரெரோ நைட்ரோகிளிசரின் என்னும் திரவத்தைக் கண்டறிந்திருந்தார். சிறிது அதிர்ந்தாலும் வெடித்துச் சிதறும் இதனை அடக்கி ஆள நோபல் முற்பட்டார். 1864 செப்டம்பர் 3 அன்று ஸ்டாக்ஹோமில் அவர்களது ஆலை வெடித்தது. தம்பி எமில் உள்ளிட்ட சிலர் மாண்டனர். துயரில் மூழ்கியும் நோபல் தளரவில்லை. அத்திரவத்தை ஒருவகை நுண்துளை மண்ணில் ஊறவைத்தால் பாதுகாப்பாகக் கையாளலாம் எனக் கண்டார். 1867-ல் டைனமைட் பிறந்தது. சுரங்கங்களும் இருப்புப் பாதைகளும் அதனால் எளிதாயின, செல்வமும் குவிந்தது.

இதற்கிடையே அத்திரவம் மருத்துவர் கைக்கும் சென்றது. அதைச் சுவைத்த சோப்ரெரோவுக்குக் கடும் தலைவலி கண்டது. இரத்தக் குழாய்களை அது விரியச் செய்வதே காரணம். 1879-ல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரெல், மிகவும் நீர்த்த அளவில் அது இதய வலியைத் தணிக்கும் என எழுதினார். 1896-ல் நோபலே இதயநோயால் வாடியபோது, மருத்துவர்கள் அவருக்குப் பரிந்துரைத்தது அதே நைட்ரோகிளிசரினைத்தான்! விதியின் விளையாட்டை எண்ணி அவர் தம் உதவியாளருக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 10-ல் இத்தாலியின் சான்ரெமோவில், மூளையில் இரத்தம் கசிந்ததால் மறைந்தார். 1895-ல் எழுதிய உயிலின்படி, அவரது செல்வத்தின் பெரும்பகுதி மனித குலத்திற்கு நன்மை செய்வோரின் பரிசுக்கென ஒதுக்கப்பட்டது. 1901 முதல் பரிசுகள் வழங்கப்படுகின்றன. நைட்ரோகிளிசரின் உடலில் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டே குழாய்களை விரிக்கிறது. அந்த நைட்ரிக் ஆக்சைடின் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் மருத்துவ நோபல் பரிசே கிட்டியது!

இன்று நெஞ்சுவலி கண்டவரை ஆம்புலன்ஸ் ஊழியர் அமரவைத்து, முதலில் இரத்த அழுத்தத்தை அளக்கிறார், இ.சி.ஜி. பார்க்கிறார். தக்கவர்க்கே இம்மருந்து, ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவில், நாவின் அடியில் அளிக்கப்படுகிறது. விழுங்கினால் கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாவடியிலிருந்தோ சில நிமிடங்களில் இரத்தத்தில் கலக்கும். சிரைகள் விரிய, இதயத்தின் சுமை குறைந்து வலி தணிகிறது. ஆனால் இரத்த அழுத்தம் முன்பே தாழ்ந்திருப்பின், இம்மருந்து அதை இன்னும் வீழ்த்தி உயிருக்கே ஊறு செய்யும். இதயத்தின் வலப்புறத்தைத் தாக்கும் மாரடைப்பிலும் இது ஆபத்தே.

ஆகவே மாணவியரே, நம் தாத்தாவின் சட்டைப்பையிலுள்ள நாவடி மாத்திரையை, வலியால் துடிக்கும் அண்டை வீட்டாருக்கு இரக்கத்தால் எடுத்துக் கொடுத்தல் கூடாது. அவரை அமரவைத்து, உடனே 108-ஐ அழைப்பதே நாம் செய்யும் பேருதவி.

அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சாகும் என்பர் நம் பெரியோர். தம்பியைப் பறித்த துளியையே அறிவால் அடக்கியவர் நோபல். இரக்கத்தோடு அறிவையும் நிதானத்தையும் இணைத்து, பிறர் உயிர் காக்க நாமும் கற்போமாக!