அருமைநாயகம் சட்டாம்பிள்ளை

மல்லாங்கிணற்றிலும் விருதுநகரைச் சூழ்ந்த பிறவூர்களிலும் வாழும் நம் சங்கத்தார் பலர், தெற்கே நாசரேத் பக்கத்தில் தோன்றிய நம் குலத்துப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தைக் கேட்டிரார். கிறிஸ்து மார்க்கத்தாரேயாயினும் அல்லாரேயாயினும், அனைவரும் அறியத்தக்க வரலாறு அஃது ஆதலின், ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம்.

அருமைநாயகம் 1823-ஆம் ஆண்டிற் பிறந்தவர். சாயர்புரத்துக் கலாசாலையிற் கல்வி பயின்றார். திண்ணைப் பள்ளிகளில் ஏனைய மாணாக்கரை ஒழுங்கில் நிறுத்தும் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். அப்பதவிப் பெயரே இவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் நிலைத்துவிட்டது. பின்னர் நாசரேத்தை அடுத்த முக்குப்பேரியில் உபதேசியாராக அமர்ந்தார். அங்கே மிஷன் தலைவராயிருந்த காமெரர் ஐயருடன் பிணக்கு நேர, வேலையினின்று விலக்கப்பட்டார்.

இக்காலத்தை ஒட்டியே, இடையன்குடியில் ஊழியஞ் செய்த கால்டுவெல் ஐயர் நம் குலத்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் 1849-ஆம் ஆண்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் எழுதித் தமிழுக்குப் பெருமை தேடிய அவரே, இந்நூலில் நம்மவரை அறிவிற் குறைந்தோராகவும் இழிந்தோராகவும் தீட்டிவிட்டார். அதனைக் கண்ணுற்ற சட்டாம்பிள்ளையின் உள்ளம் கொதித்தது. ஞானஸ்நானம் பெற்ற மக்களைச் சகோதரரென அழைத்துக்கொண்டே தாழ்த்தி எழுதுவது எவ்வகை உபதேசம் என்று அவர் சிந்திக்கலானார்.

1857-ஆம் ஆண்டில், தம்மைப் பின்பற்றிய குடும்பங்களோடு மிஷனை விட்டு வெளியேறித் தனிச்சபை கண்டார். பிரகாசபுரம் அதற்குத் தலைமையிடமாயிற்று. ஏக இரட்சகர் சபையென்றும் இந்துக் கிறிஸ்தவ சபையென்றும் அதனை வழங்கினர். ஐரோப்பியக் குருமாரின் ஆணையும் அவர்தம் பொருளும் வேண்டாவென விலக்கியது அச்சபை. விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையை மகமைப் பணத்தால் எழுப்பிய நம் முன்னோரின் மனவுறுதியும் இத்தகையதன்றோ!

அவர் குருமாரைத் துறந்தாரேயன்றிக் கிறிஸ்துவைத் துறந்தாரல்லர். மிஷனாரின் போதனையே வேதத்தினின்று வழுவியதென்பது அவர் வாதம். ஆதலின் ஞாயிற்றுக்கிழமையை விடுத்துச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டார். பழைய ஏற்பாட்டு முறைப்படி தூபமிடுதல் முதலிய ஆசாரங்களையும் கைக்கொண்டார். மிஷனாரோ அவரையே கள்ளப்போதகர் என்றனர். நியாயப்பிரமாணத்தின் சடங்குகளால் இரட்சிப்பில்லை, விசுவாசத்தாலேயே உண்டு என்று பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தை மேற்கோளாகக் கொள்ளும் கிறிஸ்தவர் அவ்வாதத்தை ஒப்பார்.

இவ்விரு திறத்தாருள் வழுவினார் யாவர்? எமது சிற்றறிவுக்கு எட்டியதைக் கூறுவோம். எபிரேயருக்கு எழுதிய நிருபம், தேவன் தம் பிள்ளைகளைத் தகப்பனைப் போற் சிட்சிக்கிறார் என உரைக்கின்றது. தகப்பன் சிட்சை பிள்ளையை உயர்த்துதற்கே, இழிவுபடுத்துதற்கன்று. மனிதர் தம் அகந்தையால் இழைத்த அவமானத்தைத் தேவ சிட்சையென்று ஏற்றுப் பணிய மறுத்தது சட்டாம்பிள்ளையின் மாண்பு. அங்ஙனம் மறுத்தபோது, இரட்சிப்பின் எளிய வழியின்மீது ஆசாரங்கள் பலவற்றை ஏற்றியது அவரது குறையென்று கொள்ளலாம். பிறர் போதனையை உரைத்துப் பார்க்கும் உரைகல்லில் நம் போதனையையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும். கள்ளப்போதகத்திற்குக் காவல் அதுவே.

கால்டுவெல் நூலின்மீது நம்மவர் கொண்ட எதிர்ப்பு பல்லாண்டு நீடித்தது. சட்டாம்பிள்ளை முதுமை எய்தி 1918-ஆம் ஆண்டிற் காலமானார். அவர் கண்ட சபை பெரிதாய்ப் பரவவில்லை. எனினும் அவரோடு மறைந்துபோகவுமில்லை.

நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இவ்வளவே. குருவை வணங்குக, குரு கூறுவதை ஆராய்க, மானத்தை விடற்க. ஆயின், மானத்தின் பொருட்டு எழுந்த சினம் வேதமாகிவிடாதபடி நெஞ்சைக் காத்துக்கொள்க. பள்ளியில் பிறரை ஒழுங்கில் நிறுத்திய பிள்ளையின் சரித்திரம், தன்னை ஒழுங்கில் நிறுத்தலே அரிதென்பதையும் நமக்குப் புகட்டுகின்றது.