ஆமை ஓட்டுக்குள் எட்டுப் பேர்

மோனாலிசாவை வரைஞ்சது யாருன்னு கேட்டா எல்லாரும் சொல்லிடுவோம். அதே ஆள் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில், ஓவியம் வரையத் தெரியும் என்ற விஷயத்தைக் கிட்டத்தட்டக் கடைசிக்குத் தள்ளிவிட்டார் என்பது தெரியுமா? ப்ளேஸ்மென்ட் சீசனில் ரெஸ்யூமோடு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கிற நண்பர்கள் கொஞ்சம் கவனிங்க.

லியோனார்டோ டா வின்சி 1452 ஏப்ரல் 15 அன்று, இத்தாலியில் வின்சி என்ற சின்ன ஊரை ஒட்டிப் பிறந்தார். அப்பா பத்திரம் எழுதும் நோட்டரி. அம்மாவை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனாலேயே அப்பாவின் தொழில் பையனுக்குக் கிடைக்காமல் போனது. ஃபுளோரன்ஸில் வெரோக்கியோ என்ற சிற்பியின் பட்டறையில் சேர்ந்தார். அங்கே ஓவியம் மட்டும் இல்லை; வெண்கல வார்ப்பு, பாரம் தூக்கும் பொறிகள் என்று எல்லாம் கைவேலை. இன்றைக்கு நாம ஒர்க்‌ஷாப் லேப்னு சொல்றதை அவர் வருஷக்கணக்கில் செய்தார்.

சுமார் 1482-இல், 30 வயதில், மிலானுக்குப் போகிறார். அங்கே ஆட்சி லுடோவிகோ ஸ்ஃபோர்சா கையில். சுற்றிலும் பகை. இந்த ஆளுக்கு எது வேண்டும் என்று லியோனார்டோ சரியாகக் கணித்தார். கடிதத்தில் வரிசையாகப் போர்ப் பொறிகள்: கழற்றி எடுத்துப் போகக்கூடிய பாலம், பீரங்கி, சுரங்கம் தோண்டும் வழி. அதில் ஒன்றுதான் நம்ம விஷயம். மேலே மூடிய, எதிரியால் உடைக்க முடியாத வண்டி. பீரங்கிகளோடு அது எதிரிப் படைக்குள் புகுந்து வழி திறக்கும். பின்னாலேயே காலாட்படை காயமில்லாமல் போகலாம்.

சில வருடம் கழித்து, 1480-களில், அதை வரைந்தும் காட்டினார். அந்தத் தாள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆமை ஓட்டைக் கவிழ்த்த மாதிரி கூம்பான கூரை, சுற்றிலும் பீரங்கி வாய்கள். பக்கத்திலேயே கூரையைக் கழற்றிய இன்னொரு படம்: நான்கு சக்கரம், நடுவில் கிராங்க், பற்கள். உள்ளே எட்டுப் பேர் நின்று சுற்ற வேண்டும். சக்கர வண்டியைப் போருக்குக் கொண்டுவந்ததில் இவர் முதல் ஆள் கிடையாது. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் பொஹீமியாவின் ஹுசைட் படையினர் வண்டிகளை வளையமாக நிறுத்திக் கோட்டை மாதிரி சண்டை போட்டவர்கள்தான். ஆனால் சாய்வான கவசம் லியோனார்டோ படத்தில் தெளிவாக இருக்கிறது. நேராக வரும் குண்டு சாய்வில் பட்டு வழுக்கிப் போகும். இன்றைய கவச வண்டிகளின் முகப்பும் சாய்வாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இப்போ மெக்கானிக்கல் மக்கள் முன்னாடி வாங்க. படத்தில் இருப்பது போலவே கிராங்கைச் சுற்றினால் முன் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் எதிர்ப் பக்கம் சுழலும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்! இதை வைத்து ஒரு பிரபலமான கதை உண்டு: லியோனார்டோ போரை வெறுத்தவர், திட்டத்தைத் திருடுபவன் ஏமாறட்டும் என்று வேண்டுமென்றே தப்பாகப் போட்டார் என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு நம்பிக்கை இல்லை. அதே தாளில், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் அரிவாள்கள் பூட்டிய ரதத்தையும் அவர் வரைந்திருக்கிறார். மனசாட்சி உறுத்திய கை அதை வரையுமா? இது பட்டறைக்குப் போகும் டிராயிங் இல்லை, ஆளும் பிரபுவை அசத்தப் போட்ட படம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பற்களைத் திருத்தினாலும் வண்டி ஓடியிருக்காது. ஒரு கணக்குப் போடலாம். ஒரு மனிதன் தொடர்ந்து தரக்கூடிய சக்தி சுமார் 75 வாட். எட்டுப் பேருக்கு 600 வாட், அதாவது ஒரு ஹார்ஸ்பவர்கூட இல்லை. மரம், தகடு, பீரங்கி, ஆட்கள் எல்லாம் சேர்த்துக் குறைவாக 2 டன் என்றே வைத்துக்கொள்ளுங்க. மெத்தென்ற வயல் மண்ணில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு தடை என்றால் 2000 நியூட்டன். வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர். மணிக்கு ஒரு கிலோமீட்டர்! எதிரி நடந்தே தப்பிச்சிடுவான். ஃபிரெடரிக் சிம்ஸ் என்பவர் 1902-இல் லண்டனில் காட்டிய கவச மோட்டார் வண்டியில் 16 ஹார்ஸ்பவர் டைம்லர் எஞ்சின் இருந்தது. லியோனார்டோவிடம் இல்லாதது அதுதான்.

மிலானில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆனால் போர் அவருக்கு நல்லது செய்யவில்லை. ஏழு மீட்டர் உயர வெண்கலக் குதிரைக்குக் களிமண் மாதிரி செய்து முடித்திருந்தார். அதை வார்க்க வைத்திருந்த வெண்கலம் 1494-இல் பீரங்கி செய்யப் போய்விட்டது. 1499-இல் பிரெஞ்சுப் படை மிலானைப் பிடித்தது. அந்தக் களிமண் குதிரையை வில்வீரர்கள் குறிபார்க்கும் பொம்மையாக்கிவிட்டார்கள்.

1502-இல் செசாரே போர்ஜியாவிடம் போர்ப் பொறியாளர். நாடு பிடிப்பதில் ஈவிரக்கம் பார்க்காத ஆள் அவர். கோட்டைகளைச் சுற்றிப் பார்ப்பதும், இமோலா நகரத்தை மேலிருந்து பார்த்த மாதிரி வரைபடம் போடுவதும் லியோனார்டோவின் வேலை. ஒரு வருஷம்கூட அங்கே தங்கவில்லை. அதன் பிறகு எழுதிய குறிப்பேட்டில்தான், தண்ணீருக்கடியில் நீண்ட நேரம் இருக்கத் தனக்கு ஒரு வழி தெரியும், ஆனால் வெளியிட மாட்டேன் என்று எழுதுகிறார். மனிதர்கள் அதை வைத்துக் கடலடியில் கொலை செய்வார்களாம். அரிவாள் ரதத்தை வரைந்த அதே கை, சுமார் இருபது வருடம் கழித்து. திட்டமிட்ட தப்பு என்ற கதையைவிட எனக்கு இந்த மாற்றம்தான் பெரிதாகப் படுகிறது.

1516-இல் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா அழைப்பில் அம்புவாஸ் போனார். 1519 மே 2 அன்று அங்கேயே க்ளோ லூசே மாளிகையில் இறந்தார். இப்போது அந்தத் தோட்டத்தில் அந்தக் கவச வண்டியின் பெரிய மாதிரி ஒன்று நிற்கிறது. சுற்றுலா வரும் சின்னப் பசங்க அதுக்குள்ளே புகுந்து விளையாடுகிறார்கள்.