தேரி மணலில் கிடந்த குட்டிக் கற்கள்... தமிழகத்தின் வரலாற்றை லட்சக்கணக்கான ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிய ராபர்ட் புரூஸ் ஃபூட் யார்?

களக்காட்டில் நின்று மேற்கே பார்த்தால் மலை. மலையிலிருந்து இறங்கும் பச்சையாற்றுத் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைகிறது. அங்கிருந்து கிழக்கே நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் என்று பஸ் பிடித்துப் போனால் வேறு ஊருக்கே வந்துட்ட மாதிரி இருக்கும். பச்சை குறைந்து, பனைமரமும் செக்கச்செவேல் என்ற தேரி மணலும் வந்துவிடும்.

விவசாயம்னா என்னன்னே தெரியாத காலத்து மனுஷங்க இந்தத் தேரியில் வாழ்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன கல் கருவிகளை சாயர்புரம் பக்கத்தில் பொறுக்கி எடுத்து, இது மனிதன் செய்தது என்று பதிவு செய்தவர் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய தொல் பழங்கால ஆய்வின் தந்தை என்று இன்றைக்கும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

யார் இவர்?

1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858 டிசம்பரில் இந்திய புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை என்னவோ பாறைகளைப் பார்த்து வரைபடம் போடுவதுதான். தொல்லியல் அவருடைய டிபார்ட்மென்டே கிடையாது.

1862-ல் அவர் கல்யாணம் செய்துகொண்டது பீட்டர் பெர்சிவலின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கம் செய்தாரே, பின்னாளில் சென்னையில் தினவர்த்தமானி பத்திரிகை நடத்தினாரே, அதே பெர்சிவல்தான்.

பல்லாவரத்தில் என்ன நடந்தது?

1863 மே 30. பல்லாவரம் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் சரளைக்காக ஒரு குழி தோண்டியிருந்தார்கள். அள்ளிப்போட்ட கழிவுக் குவியலில் ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது. குவார்ட்சைட் பாறையில், இரண்டு பக்கமும் செதில் செதிலாக உடைத்துக் கூராக்கிய கல். கைப்பிடி கிடையாது, உள்ளங்கையில் வைத்தே வெட்டலாம். பழைய கற்கால கைக்கோடாரி.

சாதாரண ஆளாக இருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். ஆனால் ஐரோப்பாவில் அப்போது இதே மாதிரி கற்களை வைத்துத்தான் பெரிய சண்டையே ஓடிக்கொண்டிருந்தது. மனிதன் தோன்றி ஆறாயிரம் வருஷம்தான் ஆகிறது என்று பைபிள் கணக்கில் நம்பியவர்கள் அதிகம். பிரான்ஸின் சோம் ஆற்றங்கரையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கல் கருவிகளும் கிடைத்ததை 1859-ல்தான் ஆங்கிலேய விஞ்ஞானிகள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். டார்வினின் புத்தகம் வெளிவந்ததும் அதே வருஷம். ஃபூட் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தவர். ஐரோப்பாவில் இருந்தால் இங்கே மட்டும் ஏன் இருக்கக்கூடாது என்று தேடிக்கொண்டும் இருந்தார்.

ஒரு கல்லோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கல் எந்த மண் அடுக்கிலிருந்து வந்தது என்பதுதான் அவருக்கு முக்கியம். அதே செப்டம்பர் 28-ல், சக அதிகாரி வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கருவிகளைக் கண்டுபிடித்தார். இப்போது அது திருவள்ளூர் மாவட்டம். அங்கே அடுக்குக்குள்ளேயே கருவிகள் புதைந்திருந்தன.

கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு கழித்து சாந்தி பப்பு குழுவினர் அதே அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு செய்து, மிகப் பழைய கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் அறிவித்தார்கள். ஆறாயிரம் எங்கே, 15 லட்சம் எங்கே!

சாம்பல் மேடும் மாட்டுச் சாணமும்

ஃபூட்டின் பெயரை நிலைக்க வைத்தது கைக்கோடாரிதான். ஆனால் அவருடைய கூர்மை தெரிவது பெல்லாரியில்.

இன்றைய கர்நாடகாவின் பெல்லாரி சுற்றுவட்டாரத்தில் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் இருக்கின்றன. ஹம்பி அருகே நிம்பாபுரத்தில் இருப்பது வாலியை எரித்த சாம்பல் என்று ஊர்மக்கள் சொல்வார்கள். எரிமலைக் குழம்பா, சடங்குக்காக எதையாவது எரித்த மிச்சமா என்று படித்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஃபூட் சொன்ன பதில் ரொம்ப சாதாரணமானது: மாட்டுச் சாணம். புதிய கற்கால மக்கள் மாடுகளை அடைத்து வைத்த தொழுவத்தில் சேர்ந்த சாணம், திரும்பத் திரும்ப எரிந்து மேடாகியிருக்கிறது என்றார்.

இதன் அர்த்தம் பெரிது. வேட்டையாடி அலைந்தவன் மாடு கட்டி ஓரிடத்தில் தங்கிவிட்டான் என்பதற்கு இந்தச் சாம்பல்தான் சாட்சி. தென்னிந்தியாவில் கொள்ளு, பாசிப்பயறு, சிறுதானியம் என்று விவசாயம் தொடங்கியதும் இதே மக்களிடம்தான் என்பது இப்போது தெரிந்திருக்கிறது.

நெல்லைச் சீமையில் என்ன கிடைத்தது?

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் புவியியல் பற்றிய ஃபூட்டின் அறிக்கை 1883-ல் வெளியானது. அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் இல்லை; களக்காடும் சாயர்புரமும் ஒரே மாவட்டம். தேரியில் அவர் எடுத்தவை விரல் நகம் அளவுக் கற்கள். அம்பு நுனியில் பதிக்கிற மாதிரி செதுக்கியவை.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1940-களில் சென்னை அருங்காட்சியகத்தின் ஏ. அய்யப்பன் சாயர்புரம் கற்களைப் பற்றி எழுதினார். 1956-ல் லண்டன் பேராசிரியர் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் மெஞ்ஞானபுரம் உட்பட பல தேரிகளை ஆய்வு செய்து, சுமார் 6,000 ஆண்டு பழமை இருக்கலாம் என்று கணித்தார்கள்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். பிரிட்ஜெட்டின் கணவர் ரேமண்ட் ஆல்சின், அடுத்த வருஷமே இன்றைய தெலங்கானாவின் உட்னூரில் ஒரு சாம்பல் மேட்டைத் தோண்டினார். எரிந்த அடுக்குகளுக்கு நடுவே மாட்டுக் குளம்புத் தடங்கள்! தேரியை ஆராய்ந்த அதே சாய்னர், 1960-ல் சாம்பலைச் சோதித்து அது சாணம்தான் என்று உறுதி செய்தார். ஃபூட் விட்டுப்போன இரண்டு நூலையும் ஒரே வட்டத்து ஆட்கள்தான் பிடித்திருக்கிறார்கள். அவர் சொன்னது சரின்னு ஆனபோது, அவர் இறந்து 45 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தாமிரபரணிக் கரையில் நெல் வந்தது இதற்கெல்லாம் பிறகு. 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அலெக்சாண்டர் ரியா, முதுமக்கள் தாழிகளோடு இருந்த பானைகளில் நெல் உமியைப் பார்த்தார். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் கணிக்கப்பட்டதை 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. தேரியில் அம்பு எய்தவனுக்கும் சிவகளையில் தாழிக்குள் நெல் வைத்தவனுக்கும் இடையே சுமார் மூவாயிரம் வருஷம் இருக்கிறது. தூரம் என்று பார்த்தால் ஒரு நாள் நடை கூட இல்லை.

கடைசிக் காலம்

1891-ல் ஓய்வு பெற்ற ஃபூட், பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காகவும் வேலை பார்த்தார். ஏற்காட்டில் வீடு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் மழமழப்பான புதிய கற்காலக் கோடாரிகளை சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். அவற்றையும் தேடித் தேடிப் பார்த்தார்.

450-க்கும் மேற்பட்ட இடங்களில் சேகரித்ததை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில் கிடைத்தது என்று அவரே உட்கார்ந்து பட்டியல் போட்டார். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் இறந்தார். பட்டியல் அச்சானது 1914-ல், அதற்கான குறிப்புகள் 1916-ல். ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சில் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது.