ஆயிரத்தில் ஒரு பங்கு – ஹென்றி லீலண்ட் கதை



இந்த ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதையும் வராத, கதையும் வராத நான் கொஞ்சம் முழித்தேன். பிறகு ஒரு கிழவர் நினைவுக்கு வந்தார். வெள்ளைத் தாடி, கண்டிப்பான முகம், கையில் மைக்ரோமீட்டர். 1932-லேயே காலமாகிவிட்டவர். அவரை எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தது நான் செய்த ஒரு தப்பு. ஆகவே தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஒரு கம்பெனியில் இன்-பிளாண்ட் டிரெயினிங் போயிருந்தேன். புஷ்களின் துளையை பிளக் கேஜ் வைத்துச் சோதிக்கும் வேலை. கோ பக்கம் நுழைய வேண்டும், நோ-கோ பக்கம் நுழையக் கூடாது. சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஷிஃப்ட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் ஒரு புஷ்ஷில் நோ-கோ பக்கம் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அதை ரிஜெக்ட் பெட்டியில் போட்டால் சீட்டு எழுத வேண்டும், பஸ் போய்விடும். ரெண்டு பாயிண்ட்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நல்ல பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் போய் சூப்பர்வைசர் சாரிடம் சொன்னேன். பெட்டி ஸ்டோருக்குப் போயிருந்தது. அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது! ஆனால் பெட்டியைத் திரும்ப வரவழைத்து, என்னையே உட்கார வைத்து ஒவ்வொன்றாக அளக்கச் சொன்னார். நாலு புஷ் தேறாமல் போயிற்று. அதில் ஒன்றுதான் நான் தெரிந்து போட்டது. மற்ற மூன்றும் என் கையைத் தாண்டி எப்படிப் போயின என்று இன்றுவரை விளங்கவில்லை.

கல்லூரிக்குத் திரும்பியதும் அளவியல் பாடம் நடத்தும் எங்கள் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நூலகத்தில் லீலண்ட் என்பவரைப் பற்றித் தேடிப் படி என்றார். நம் ஊர் லாரியில், பஸ்ஸில் நாம் பார்க்கும் லேலண்ட் வேறு, அது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். இவர் லீலண்ட், அமெரிக்கர். காடிலாக், லிங்கன் என்று இன்றும் ஓடும் இரண்டு பெரிய கார்ப் பெயர்களை உலகுக்குத் தந்த ஒரே மனிதர். இரண்டுமே அவர் கையில் தங்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஹென்றி மார்ட்டின் லீலண்ட் 1843 பிப்ரவரி 16 அன்று வெர்மாண்ட் மாநிலத்தில் பார்ட்டன் என்ற ஊரில் பிறந்தார். பெரிய படிப்பு கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கேதான் முதல் பாடம். போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் பாகம் உடைந்தால், இன்னொன்றிலிருந்து கழற்றிப் பொருத்தினால் அது வேலை செய்ய வேண்டும். அரம் வைத்து ராவிக்கொண்டிருக்க எதிரி நேரம் தருவானா?

1872-ல் பிராவிடன்ஸ் நகரின் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தில் சேர்ந்தார். மைக்ரோமீட்டருக்குப் பேர்போன இடம். தையல் இயந்திரப் பிரிவைக் கவனித்தார். நாவிதர்கள் பயன்படுத்தும் முடிவெட்டும் கிளிப்பரை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது மற்றவர்களுக்குப் பேச்சு, அவருக்கு அது அன்றாடச் சோறு.

1890-ல், நாற்பத்தேழு வயதில், டெட்ராய்ட் நகருக்கு வந்து ஃபால்க்கனர் என்பவரின் பண உதவியோடு சொந்தப் பட்டறை தொடங்கினார். நம்மில் பலர் இருபது வயதிலேயே வாழ்க்கை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம், கவனியுங்கள்! அவருடைய கார் வாழ்க்கை தொடங்கவே இன்னும் பத்து வருஷம் இருந்தது.

1901-ல் ஓல்ட்ஸ்மொபைல் காருக்கு எஞ்சின் செய்து தரும் வேலை வந்தது. அதே எஞ்சினை வேறு பட்டறையும் செய்தது. வரைபடம் ஒன்றுதான். ஆனால் லீலண்ட் செய்தது கூடுதல் சக்தி தந்தது. மந்திரம் ஒன்றுமில்லை, அளவு நெருக்கமாக இருந்ததால் உராய்வில் வீணானது குறைவு. பிறகு அதையே இன்னும் திருத்தி, பத்துக் குதிரைச் சக்திக்கு மேல் தரும் எஞ்சினாக ஆக்கிக் காட்டினார். ஓல்ட்ஸ் நிறுவனம் வேண்டாம் என்றது. மாற்றினால் உற்பத்தி தாமதமாகும் என்பது அவர்கள் கணக்கு.

அந்த எஞ்சின் மூலையில் கிடந்தபோதுதான் 1902 ஆகஸ்டில் ஒரு திருப்பம். ஹென்றி ஃபோர்டு, தம் பெயரிலேயே நடந்த ஒரு கம்பெனியை விட்டு முதலீட்டாளர்களோடு மனஸ்தாபப்பட்டு வெளியேறியிருந்தார். கம்பெனியை இழுத்து மூடி, இயந்திரங்களை விற்றுவிடலாம் என்று முடிவு செய்த முதலீட்டாளர்கள், மதிப்புப் போட்டுத் தர லீலண்டை அழைத்தார்கள். அவர் மதிப்புப் போட்டார். கூடவே தம் எஞ்சினையும் கொண்டுபோய் வைத்து, விற்க வேண்டாம், இதை வைத்துக் கார் செய்யுங்கள் என்றார். டெட்ராய்டை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரால் காடிலாக் பிறந்தது. ஃபோர்டு விட்டுப்போன இடத்தில் லீலண்ட்! இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அவருடைய கண்டிப்புக்கு ஒரு சாட்சி ஆல்ஃபிரட் ஸ்லோன். ஹயாட் ரோலர் பேரிங் விற்க வந்த இளைஞர் அவர். சப்ளை ஆன பேரிங்குகளைத் தம் மேசையில் வைத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று கிழவர் காட்டினாராம். ஆயிரத்தில் ஒன்றாவது கார் மட்டுமல்ல, ஒவ்வொரு காரும் சரியாக ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. வெட்கப்பட்டுத் திரும்பிய ஸ்லோன் பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானார், தொழில் கற்ற கதையில் இந்த மேசையையும் மறக்காமல் எழுதினார். நல்ல வேலைக்காரன் வானத்திலிருந்து விழமாட்டான் என்று அறிந்து, தொழில் கற்றுத்தர ஒரு பள்ளியையும் காடிலாக்கில் 1907-ல் தொடங்கினார் லீலண்ட். நம்முடையது சங்க மலர் என்பதால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: தொழிற்சங்கம் என்றால் அவருக்கு ஆகாது. அந்த விஷயத்தில் அவரோடு நமக்கு ஒத்துவராது.

1908-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நடந்ததுதான் அவர் வாழ்க்கையின் உச்சம். ராயல் ஆட்டோமொபைல் கிளப் அதிகாரிகள் மூன்று காடிலாக் கார்களை இருப்பிலிருந்து தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மூன்றையும் ஆணிவேர் வரை கழற்றினார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலக்கினார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, கடையில் விற்கும் உதிரிபாகங்களைப் போட்டார்கள். இப்போது கட்டுங்கள் என்றார்கள். ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும்தான் அனுமதி. அரம் தொடக் கூடாது. மூன்று கார்களும் பல நிறத் துண்டுகளோடு கோமாளி வேஷத்தில் எழுந்து நின்றன, ஆளுக்கு 500 மைல் ஓடின! அந்த ஆண்டின் டீவர் கோப்பை காடிலாக்குக்கு. பாகத்தின் எண் ஒன்று என்றால் பாகமும் ஒன்றுதான் என்று லீலண்ட் உலகுக்கு நிரூபித்த நாள் அது. அந்த எண் வெறும் எண் அல்ல, ஒரு வாக்குறுதி.

1909-ல் டூரண்ட் என்பவரின் ஜெனரல் மோட்டார்ஸ், காடிலாக்கை நாற்பது லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. கம்பெனி கைமாறியது. ஆனால் லீலண்டும் மகன் வில்ஃபிரடும் தங்கள் போக்கிலேயே நடத்தலாம் என்று ஏற்பாடு.

அப்போதெல்லாம் காரைக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த மறந்துவிட்டால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே வெடித்து, கைப்பிடி திருப்பி அடிக்கும். கை ஒடிந்தவர்கள் ஏராளம். லீலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரைக் கிளப்ப உதவியபோது கைப்பிடி தாடையில் அடித்து, அதன் விளைவாக 1908-ல் இறந்தார் என்று சொல்வார்கள். அந்தக் கார் ஒரு காடிலாக் என்பதும், இனி ஒருவரும் என் காரால் சாகக் கூடாது என்று கிழவர் நொந்துபோனார் என்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தே வரும். அன்று தவறு சுற்றியவருடையது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், கேட்க ஒரு சட்டமும் இல்லை. ஆனால் டேட்டன் நகரில் இருந்த சார்லஸ் கெட்டரிங்கிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் வைத்த அனுபவம் அவருக்கு. சில நொடி மட்டும் முழு மூச்சாய் உழைக்கும் மோட்டார் போதுமே என்று கண்டுபிடித்தார். 1912 மாடல் காடிலாக்கில் மின் ஸ்டார்ட்டர் வந்தது. இரண்டாவது டீவர் கோப்பையும் வந்தது. கெட்டரிங்கின் நிறுவனத்துக்குப் பெயர் டெல்கோ.

1917-ல் போர் விமானங்களுக்கு லிபர்ட்டி எஞ்சின் செய்வது பற்றி டூரண்டோடு தகராறு. எழுபத்து நாலு வயதில் ராஜினாமா செய்து வெளியே வந்தார் மனிதர்! 1864-ல் தாம் போட்ட முதல் ஓட்டு யாருக்கோ அவர் பெயரையே புதுக் கம்பெனிக்கு வைத்தார் – லிங்கன். போர் முடிந்ததும் 1920-ல் லிங்கன் கார் வந்தது. உள்ளே இயந்திரம் தங்கம், வெளியே உடல் பழைய பாணி. ஊரில் பணமுடை. போர்க்கால வரிப் பாக்கி என்று அரசு வேறு கழுத்தைப் பிடித்தது. 1922 பிப்ரவரி 4 அன்று கம்பெனி ஏலத்துக்கு வந்தது. எண்பது லட்சம் டாலருக்கு எடுத்தவர் யார் தெரியுமா? ஹென்றி ஃபோர்டு! இருபது வருஷத்துக்கு முன் யாருடைய இயந்திரங்களுக்கு மதிப்புப் போடப் போனாரோ, அவரே. கொஞ்ச மாதங்களில், அதே ஆண்டு ஜூனில், தந்தையும் மகனும் தாங்கள் கட்டிய ஆலையை விட்டு அனுப்பப்பட்டார்கள். பழைய பங்குதாரர்களுக்காக ஃபோர்டு மீது வழக்குப் போட்டுத் தோற்றார்கள். 1932 மார்ச் 26 அன்று, எண்பத்தொன்பது வயதில் லீலண்ட் மறைந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது. சுமார் 26 லட்சம் கார்கள். குறை எதில்? இக்னிஷன் சுவிட்சில். சாவியைப் பிடித்து நிறுத்த வேண்டிய சின்ன ஸ்பிரிங்கின் பலம் வரைபடத்தில் கேட்டதைவிடக் குறைவு. ஓடும்போதே சாவி நழுவும், எஞ்சின் நிற்கும், மோதினால் ஏர்பேக் விரியாது. இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவுகள் 124. சுவிட்ச் செய்த டெல்ஃபை நிறுவனம், ஒரு காலத்தில் கெட்டரிங்கின் டெல்கோவையும் உள்ளடக்கி, 1999-ல் தனியாகப் பிரிந்தது. கை ஒடியாமல் கார் கிளம்ப வழி செய்த பரம்பரையிலா இது?

அதைவிட நெஞ்சைச் சுட்டது இன்னொன்று. 2006-லேயே சுவிட்சைச் சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை! ஒரே எண், இரண்டு பாகம். விபத்தை ஆராய வந்தவர்கள் வருஷக்கணக்கில் குழம்பினார்கள். புரூக்லண்ட்ஸில் கிழவர் கொடுத்த வாக்குறுதி, அவர் காரை வாங்கிய அதே கம்பெனியில் உடைந்தது. நடுவில் 2009-ல் கம்பெனி திவாலாகிப் புதுக் கம்பெனியாக எழுந்திருந்தது. பழைய கம்பெனியின் பாவம் புதுக் கம்பெனியைச் சேருமா என்று வழக்கு. திவால் விற்பனையைக் காட்டி இந்தச் சுவிட்ச் வழக்குகளிலிருந்து தப்ப முடியாது என்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நண்பர்களே, முதலாளி மாறுவார், பெயர்ப்பலகை மாறும். கார்ட்டர் தொடங்கிய கார்ட்டர்கார்கூட 1909-ல் கைமாறி, பிறகு இல்லாமலே போயிற்று. காடிலாக் இன்னும் ஜெனரல் மோட்டார்ஸில், லிங்கன் இன்னும் ஃபோர்டில். லீலண்ட் பெயரில்தான் ஒரு காரும் இல்லை. ஆனால் எந்தக் காரில் யார் ஏறினாலும், அவர் உயிர் பழைய பெயரை நம்பியோ புதுப் பெயரை நம்பியோ ஓடுவதில்லை. ஷிஃப்ட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் கேஜ் பிடித்த ஒரு கையை நம்பி ஓடுகிறது.

திரும்ப அழைப்பது வெட்கமான காரியம் அல்ல. நானே ஒரு பெட்டியைத் திரும்ப அழைத்தவன்! தெரிந்தும் அழைக்காமல் இருப்பதுதான் வெட்கம். நாளைக்கு நாம் டிப்ளமோ வாங்கி வேலைக்குப் போவோம். அங்கே நோ-கோ ஒருநாள் உள்ளே போகும். பஸ்ஸும் வாசலில் நிற்கும். அப்போது அந்த வெள்ளைத் தாடிக் கிழவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் போனால் அடுத்த பஸ் வரும்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்