முதல் சொல்லிலேயே தடை வந்தபோது... கச்சியப்பர் என்ன செய்தார்?

ஓம் சரவணபவ!



சஷ்டி விரதம் இருக்கோம், செவ்வாய்க்கிழமை தவறாம கோயிலுக்குப் போறோம். ஆனா வேலை, கல்யாணம், வீடு எல்லாம் அடுத்தவங்களுக்குத்தான் அமையுது. அவங்க ஸ்டேட்டஸைப் பார்க்கும்போது வயிறு எரியுது. முருகர் நம்மைப் பார்க்கிறாரா இல்லையான்னு ஒரு சந்தேகம் வருது. எனக்கும் வந்திருக்கு. அப்போ நான் நினைச்சுக்கிறது கச்சியப்ப சிவாச்சாரியாரைத்தான்.

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது குமரகோட்டம். அப்பா அம்மாவுக்கு நடுவில் பிள்ளை! இங்கே முருகர் கையில் வேல் கிடையாது. ஜபமாலையும் கமண்டலமும்தான். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில் வைத்துவிட்டு, படைப்புத் தொழிலைத் தானே எடுத்துக்கொண்ட கோலம் இது.

இந்தக் கோயில் அர்ச்சகர் காளத்தியப்ப சிவாச்சாரியாரின் மகன்தான் கச்சியப்பர். வடமொழி, தமிழ் இரண்டிலும் தேர்ந்தவர். ஒருநாள் முருகர் கனவில் வந்து, வடமொழி ஸ்காந்தத்தில் உள்ள தன் வரலாற்றைத் தமிழில் பாடச் சொல்லி, முதல் அடியையும் தானே எடுத்துக் கொடுத்தார் என்பது வரலாறு. கச்சியப்பர் தினமும் நூறு பாடல் எழுதி, இரவு சன்னதியில் வைத்துவிட்டு நடை சாத்துவார். காலையில் பார்த்தால் ஏட்டில் திருத்தங்கள் இருக்குமாம். இப்படி உருவானதுதான் கந்தபுராணம். 6 காண்டங்கள், 10,345 பாடல்கள். கணக்குப் போட்டால் சுமார் மூன்றரை மாத உழைப்பு.

அரங்கேற்ற நாள் வந்தது. சபை நிறைய புலவர்கள். முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே ஒருவர் எழுந்துவிட்டார். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் ழகரமும் தகரமும் சேர்ந்து டகரமாக மாறியிருக்கிறது, இதற்குத் தொல்காப்பியத்தில் விதி எங்கே என்று கேட்டார். முருகனே தந்த சொல் என்றார் கச்சியப்பர். அப்படியானால் அந்த முருகனே வந்து விதியைக் காட்டட்டும் என்றது சபை. அரங்கேற்றம் அன்றோடு நின்றது.

அந்த ராத்திரி அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? அவரே எழுதிய சொல்லாக இருந்தால் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு மேலே போயிருக்கலாம். ஆனா இது சாமி கொடுத்த சொல். இது தப்புன்னா கனவும் பொய், காலையில் பார்த்த திருத்தமும் பொய், 10,345 பாட்டும் கேள்விக்குறி.

அவர் சொல்லை மாற்றவில்லை. புலவர்களைத் திட்டவும் இல்லை. முருகரிடமே முறையிட்டுவிட்டுக் கலங்கியபடி தூங்கிப்போனார். மறுபடியும் கனவு. சோழநாட்டிலிருந்து ஒருவர் வீரசோழியத்தோடு வருவார், கவலைப்படாதே என்றார் முருகர்.

மறுநாள் அதேபோல ஒரு புலவர் வந்தார். வீரசோழியத்தைப் பிரித்து, சந்திப் படலத்தில் அந்த விதியைச் சபைக்குக் காட்டினார். எல்லாரும் ஒப்புக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், வந்தவரைக் காணோம்! வந்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. கேள்வி கேட்டவங்களை முருகர் தண்டிக்கலை. பதிலைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கேள்வி பொறாமையில் வந்ததா, உண்மையான சந்தேகமா என்று பார்க்கவே இல்லை. அடுத்தது, அவர் கொண்டுவந்தது 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழர் காலத்தில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் எழுதிய இலக்கணம். பதில் ஏற்கெனவே எழுதப்பட்டு எங்கேயோ இருந்தது. அந்தச் சபைக்கு வந்து சேர ஒரு ராத்திரி ஆனது, அவ்வளவுதான்.

நமக்கு அந்த ராத்திரி கொஞ்சம் நீளமா இருக்கலாம். சந்தேகம் வருவது பாவம் இல்லை. அதை அடுத்தவங்க மேல எரிச்சலா காட்டாம, கச்சியப்பர் மாதிரி முருகர் காலடியிலேயே கொண்டுபோய் வைங்க.

அன்று நின்றுபோன கந்தபுராணத்தை இன்றைக்கும் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் உட்கார்ந்து படித்துப் பொருள் சொல்கிறார்கள். அடுத்த முறை பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போனால், மேற்கு ராஜ வீதியில் இருக்கும் குமரகோட்டத்துக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. அரங்கேற்ற மண்டபத்தில் ரெண்டு நிமிஷம் உட்காருங்க.

மனசு தளர்ந்திருக்கும் ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!