சட்டைப்பைக்குள் ஒரு தொழிற்கூடம்

பல கருவிகளைத் தன்னுள் மடித்து வைத்திருக்கும் கைக்கத்தி ஒன்றை அன்றாடப் பயன்பாட்டுக்காக வாங்க விரும்புபவருக்கு முதலில் ஏற்படுவது திகைப்புதான். நான்கு கருவிகள் கொண்டதும் உண்டு. முப்பதைத் தாண்டுவதும் உண்டு. விலை ஏற ஏறக் கருவிகளும் கூடுகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விளம்பரத்தைவிடத் தெளிவான விடை, இவ்வகைக் கத்திக்கு உலகப் புகழ் தேடித்தந்த கார்ல் எல்சனரின் வாழ்க்கையில் இருக்கிறது.

ஸ்விட்சர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஷ்விஸ் மாநிலத்தில், தொப்பி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 9 அன்று பிறந்தவர் எல்சனர். தந்தையின் தொழிலை அவர் தொடரவில்லை. கத்தி செய்யும் தொழிலைக் கற்றார். பாரீஸிலும், அறுவை சிகிச்சைக் கருவிகளுக்குப் பெயர் பெற்ற ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரிலும் வேலை செய்து கைத்திறனை வளர்த்துக் கொண்டார்.

வெளியூர்களில் தொழில் தேர்ந்தவர் அங்கேயே தங்கிவிடுவது அன்றைய வழக்கம். இன்று செல்வத்தின் மறுபெயராகக் கருதப்படும் ஸ்விட்சர்லாந்தில், அன்று மலைசார்ந்த பல பகுதிகளில் வறுமை நிலவியது. சொற்ப விளைநிலம், நீண்ட குளிர்காலம், ஆலைகள் இல்லாத ஊர்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள் ஏராளம். எல்சனரோ ஊர் திரும்பினார். 1884-ஆம் ஆண்டு, ஷ்விஸ் நகரையொட்டிய இபாக் என்னும் சிற்றூரில், ஓடைநீரால் சுழலும் சக்கரத்தின் உதவியுடன் சிறிய பட்டறை ஒன்றைத் தொடங்கினார். தாய் விக்டோரியா அவருக்குத் துணை நின்றார். சமையலறைக் கத்தி, சவரக்கத்தி போன்றவை அங்கு உருவாயின. உள்ளூர் இளைஞர்களுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கமாக இருந்தது.

அந்தக் காலகட்டத்தில் ஸ்விட்சர்லாந்து ராணுவம் தன் வீரர்களுக்குப் புதிய வகைத் துப்பாக்கியை வழங்கியது. 1889-ஆம் ஆண்டு மாதிரியான அத்துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கத் திருப்புளி தேவைப்பட்டது. தகர டப்பாக்களில் அடைத்த உணவும் படைகளில் பரவியிருந்தது. அதைத் திறக்க ஒரு கருவி வேண்டும். இவ்விரண்டுடன் வெட்டும் அலகும், துளையிடும் கூர்முனையும் சேர்ந்த மடக்குக் கத்தியை ஒவ்வொரு வீரருக்கும் அளிப்பது என்று ராணுவம் முடிவெடுத்தது.

முடிவெடுத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அத்தனை கத்திகளைக் குறித்த காலத்தில் செய்து தரும் வசதி நாட்டில் எவருக்கும் இல்லை. எனவே, தொடக்க காலக் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன. சொந்த ராணுவத்தின் கத்தி அயல்நாட்டிலிருந்து வருவதை எல்சனரால் ஏற்க இயலவில்லை. சக கைவினைஞர்களைத் திரட்டிக் கத்தித் தொழிலாளர் சங்கம் ஒன்றை உருவாக்கினார். தனித்தனிப் பட்டறைகளால் இயலாததைக் கூட்டாகச் செய்யலாம் என்பது திட்டம். 1891-ஆம் ஆண்டு ராணுவத்துக்கு அவர் முதல் பெரிய தொகுதியை வழங்கினார்.

அரசின் கொள்முதல் கிடைத்துவிட்டால் சிறுதொழில் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புவோர் இங்கே சற்று நிற்க வேண்டும். ஆணை கிடைத்த பிறகுதான் எல்சனரின் துன்பம் தொடங்கியது. சோலிங்கனின் ஆலைகள் பெருமளவு உற்பத்தியில் தேர்ந்தவை. அதே கத்தியை அவற்றால் குறைந்த விலையில் தர முடிந்தது. நட்டத்தைத் தாங்க முடியாத தோழர்கள் ஒவ்வொருவராக விலகினர். எல்சனர் விலகவில்லை, கைப்பொருள் முழுவதையும் இழந்தார். உறவினர்கள் கை கொடுக்க, கடன் கொடுத்தவர்களும் பொறுமை காத்ததால்தான் அவரது பட்டறை மூடப்படாமல் தப்பியது.

விலைப் போட்டியில் தோற்கும் சிறு உற்பத்தியாளர் முன் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. கூலியைக் குறைக்கலாம், தரத்தைக் குறைக்கலாம், அல்லது, போட்டியாளரிடம் இல்லாத ஒன்றைப் படைக்கலாம். எல்சனர் மூன்றாவது வழியில் நடந்தார்.

வீரர்களின் கத்தி உறுதியானது, ஆனால், கனமானது. அதைவிட இலகுவான, கருவிகள் மிகுந்த, தோற்றத்திலும் நேர்த்தியான கத்தியை அதிகாரிகளுக்காக உருவாக்க முயன்றார். கருவியைக் கூட்டி எடையைக் குறைப்பது எப்படி?

மடக்குக் கத்தியின் உயிர் அதன் வில்லில் இருக்கிறது. அலகைத் திறந்தால் அசையாமல் நிறுத்துவதும், மடித்தால் தானே திறந்துகொள்ளாமல் காப்பதும் அதன் முதுகில் பதிந்திருக்கும் எஃகுப் பட்டைதான். கருவிகளுக்கு ஏற்ப வில்களையும் கூட்டிக்கொண்டே போனால் கத்தி செங்கல்லாகிவிடும். எல்சனர் ஒரே வில்லைப் பல கருவிகளுக்குப் பொதுவாக்கினார். முன்பக்கக் கருவிகளைத் தாங்கும் அதே வில், பின்பக்கக் கருவியையும் தாங்கியது. ஆறு கருவிகளுக்கு இரண்டே வில்கள் போதுமானதாயின. வீரர் கத்தியின் நான்கு கருவிகளுடன், எழுத்தைச் சுரண்டி அழிக்கவும் பயன்பட்ட சிறிய அலகும், மதுப்புட்டியின் தக்கையை எடுக்கும் திருகும் சேர்ந்தன. 1897-ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று அந்த வடிவமைப்புக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது.

ராணுவம் இக்கத்தியைத் தன் அதிகாரபூர்வ உடைமைகளில் சேர்க்கவில்லை. அதிகாரிகள் தம் சொந்தப் பணத்தில் வாங்கினர். அவர்களைப் பார்த்துப் பொதுமக்களும் வாங்கினர். அரசாணையால் கடனாளியானவர், அரசு வாங்காத பொருளால் கடனிலிருந்து மீண்டார்.

1908-ஆம் ஆண்டு முதல் ராணுவக் கொள்முதல் இரண்டாகப் பகிரப்பட்டது. ஒரு பாதி ஜெர்மன் மொழிப் பகுதியைச் சேர்ந்த எல்சனருக்கு. மறுபாதி பிரெஞ்சு மொழிப் பகுதியைச் சேர்ந்த வெங்கர் நிறுவனத்துக்கு. 1909-ஆம் ஆண்டு தாய் மறைந்தபோது, அவருடைய பெயரான விக்டோரியா என்பதையே எல்சனர் தம் வணிகப் பெயராக்கினார். கேடயத்துக்குள் சிலுவை பொறித்த சின்னமும் அதே ஆண்டில் பதிவானது. முதல் உலகப் போர் முடிந்த சில வாரங்களில், 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, 58-ஆவது வயதில் எல்சனர் காலமானார்.

விக்டோரினாக்ஸ் என்ற பெயரை அவர் கேட்டதில்லை. துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் என்ற பிரெஞ்சுச் சொல், 1921-ஆம் ஆண்டில்தான் தாயின் பெயருடன் இணைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க வீரர்கள் அக்கத்திகளை விரும்பி வாங்கிச் சென்றனர். அதன் ஜெர்மன் பெயர் அவர்கள் நாவில் புரளாததால், ஸ்விஸ் ஆர்மி நைஃப் என்று அழைத்தனர். அப்பெயரே உலகெங்கும் நிலைத்தது.

பட்டறை தொடங்கியபோது எல்சனர் கொண்டிருந்த நோக்கம் பிற்காலத்தில் சோதனைக்கு உள்ளானது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் விமானப் பயணிகள் கத்தி கொண்டுசெல்லத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் விற்பனை நின்றது. அப்போதும் நிறுவனம் ஆள்குறைப்பு செய்யவில்லை. பணியாளர் சிலரைத் தற்காலிகமாகப் பிற நிறுவனங்களுக்கு அனுப்பிச் சமாளித்தது. 2005-ஆம் ஆண்டு, நலிவுற்ற வெங்கர் நிறுவனத்தையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. ராணுவத்துக்கான புதிய மாதிரிக் கத்திக்குப் பன்னாட்டு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய நிலை பின்னர் எழுந்தது. சோலிங்கனின் நிழல் மீண்டும் விழுந்தது. ஆனால், இம்முறை இபாக்கின் கத்தியே வென்றது.

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். பொருளாதாரத்தில் இறுதிநிலைப் பயன்பாடு என்றொரு கருத்து உண்டு. கூடுதலாகச் சேரும் ஒவ்வோர் அலகும் தரும் பயன், முந்தையதைவிடக் குறைந்துகொண்டே போகும். கத்தியின் முதல் அலகு தினமும் உதவும், திருப்புளி வாரத்தில் சில முறை, கத்தரிக்கோல் அவ்வப்போது. பதினைந்தாவது கருவியோ பெரும்பாலும் எடையை மட்டுமே கூட்டும். கனத்த கத்தி வீட்டு மேசை இழுப்பறையில் தங்கிவிடும். தேவைப்படும் இடத்தில் கையில் இருக்காது.

எனவே, வாங்குபவர் தாம் கடந்த மாதம் உண்மையில் செய்த வேலைகளை எண்ணிப் பார்த்து, அவற்றுக்கு வேண்டிய கருவிகள் மட்டுமே உள்ள மெலிந்த கத்தியைத் தேர்வது நல்லது. ஒவ்வொரு கருவியையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். திறந்த நிலையில் அலகு ஆடக் கூடாது. மடிக்கும்போது வில்லின் இழுப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். விமானப் பயணமென்றால் அதன் இடம் கைப்பையன்று, சரக்கறைக்குச் செல்லும் பெட்டி.

கருவிகளைக் கூட்டியதைவிட, வில்களைக் கூட்டாமல் விட்டதே எல்சனரின் பெருந்திறன். அரசின் ஆதரவு சிறுதொழிலுக்கு வாசலைத் திறந்துவிடும். உள்ளே நிலைக்கச் செய்வது பொருளின் தகுதி மட்டுமே. விலையால் வீழ்த்தப்பட்ட ஒரு கிராமத்துக் கைவினைஞர், கூலியிலும் தரத்திலும் கை வைக்காமல், சிந்தனையால் எழுந்து நின்றார் என்பதற்கு உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கத்தி இன்றும் சாட்சி.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).